கேளுங்கள், 16 ஜிபி தரப்படும்

இன்ஜினீயரிங் கவுன்சலிங் முடிந்ததும் வரும் கடிதங்களில் லேப்டாப் வாசனை அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. சினிமா, அரசியல் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுக்கவும்.

மகனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. ஐம்பதாயிரத்தைச் சுற்றி எந்த லேப்டாப் வாங்கலாம்?
- ஓர் அப்பா, மன்னார்குடி

16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஓரளவு புதிய ஐ5 அல்லது ரைசன் 5. இவ்வளவுதான். மூடியில் எந்தக் கம்பெனியின் பெயர் மினுக்குகிறது என்பது உங்கள் சம்பந்தி வீட்டாருக்கு மட்டுமே முக்கியம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. குரோமில் பையன் மூடாமல் விடும் இருபது டேப்பையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் காசுக்கு 8 ஜிபிதான் அகப்படுகிறது என்றால் கடைக்காரரிடம் ஒரே கேள்வி: "காலி ராம் ஸ்லாட் இருக்கா, போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்களா?" "அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், சால்டர் பண்ணியாயிற்று என்று அர்த்தம். வேறு மாடல் காட்டச் சொல்லுங்கள். பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கும் மச்சினனிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். அவருக்கு லேப்டாப்பைக் கம்பெனி கொடுத்தது, விலை தெரியாது.

ஐ5 நல்லதா, ஐ7 நல்லதா?
- வாசகர், ஆரணி

ஐ7. இரண்டு அதிகம்.

ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று இரண்டைக் காட்டினார்கள். "பத்துதான் வித்தியாசம், மலிவானதை எடுத்துக்குங்க" என்கிறார் சேல்ஸ்மேன். எடுக்கலாமா?
- மாணவர், கும்பகோணம்

இந்த மாதிரி ஒரு கேள்விக்காகத்தான் நான் காலையில் எழுந்திருப்பதே!

அந்தப் பத்தில் இருக்கிறது சூட்சுமம். ஏஎம்டி கம்பெனி வைத்த இந்த எண்ணில் முதல் இலக்கம் 7 என்பது 2023-ம் வருட வரிசை என்று சொல்கிறது. அதைப் பெரிதாகப் பார்ப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். உண்மையான வயது மூன்றாவது இலக்கத்தில் ஒளிந்திருக்கிறது. 7520-ல் அது 2. அதாவது உள்ளே இருப்பது 2019-ல் சந்தைக்கு வந்த ஜென் 2 வடிவமைப்பு, நாலு கோர். 7530-ல் அது 3. அடுத்த தலைமுறையான ஜென் 3, ஆறு கோர். முன்னது தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை. போதாக்குறைக்கு அதன் ராம், போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ரகம். வாங்கிய அன்று எவ்வளவோ, பட்டம் வாங்கும் அன்றும் அவ்வளவே.

இன்டெல் மட்டும் உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். 2023-ல் புதுப் பெயர் சூட்டுகிறோம் என்று அந்த 'ஐ'யையே கழற்றிப் போட்டார்கள். இன்று ஷோரூமில் 'கோர் 5' என்பார்கள், 'கோர் அல்ட்ரா 5' என்பார்கள், பக்கத்திலேயே பழைய 'கோர் ஐ5'வும் உட்கார்ந்திருக்கும். மூன்றும் வேறு வேறு. ஆகவே ஸ்டிக்கரைப் படிக்காதீர்கள். முழு மாடல் எண்ணைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு வெளியே வந்து, டீக்கடையில் நின்று செல்போனில் தேடுங்கள். கடைசி எழுத்தையும் விட்டுவிடாதீர்கள்: யூ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிக்கும், எச் என்றால் வேகம் அதிகம், பேட்டரி சீக்கிரம் காலி.

லேப்டாப் வாங்க உகந்த கிழமை எது?
- பக்தை, ஸ்ரீவில்லிபுத்தூர்

தள்ளுபடிக் கிழமை.

புது லேப்டாப்பில் டர்போ சி இன்ஸ்டால் ஆகவில்லை. லேப்டாப்பில் கோளாறா?
- மாணவர், விருதுநகர்

லேப்டாப் சரியாக இருக்கிறது. சிலபஸ் நடத்துகிறவர்களைத்தான் சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும்.

டர்போ சி++ 3.0 தொண்ணூறுகளின் தொடக்கத்துச் சரக்கு. 16 பிட் புரோகிராம். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைப் போட்டு, லேப்டாப்பை நம்பவைத்து, அதற்குள் அந்த நீலத் திரையை ஓட்டலாம். ஓட்டுங்கள், லேப் எக்ஸாமுக்கு வேறு வழியில்லை. சி++ மொழிக்குச் சர்வதேசத் தரம் 1998-ல் வந்தது. ஐஓஸ்ட்ரீம் டாட் எச், வாய்ட் மெயின், கிளியர் ஸ்கிரீன் இவை எதுவும் அந்தத் தரத்தில் கிடையாது. ஆனாலும் கிளியர் ஸ்கிரீன் எழுதாததற்கு மார்க் குறைக்கும் லேப்கள் இருக்கின்றன! கல்லூரிக்கு டர்போ, உங்களுக்கு ஜிசிசி கம்பைலர் என்று இரட்டை வாழ்க்கை வாழுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் நான் அதை அனுமதிக்கிறேன்.

மெக்கானிக்கல் சேர்ந்த மகள் மேக்புக்தான் வேண்டும் என்கிறாள்.
- ஓர் அப்பா, கரூர்

ஆட்டோகேட் மேக்கில் வரும். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும், கேட்டியாவும் அப்படியே. இதை மகளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேமிங் லேப்டாப்பில்தான் புரோகிராமிங் நன்றாக வரும் என்கிறான் பையன். உண்மையா?
- ஓர் அம்மா, தாம்பரம்

பையனைச் சட்டக் கல்லூரியில் சேர்த்திருக்கலாம்.

அது இரண்டு கிலோவுக்கு மேல் எடை, செங்கல் கனத்துக்கு ஒரு சார்ஜர், கீபோர்டில் திருவிழா சீரியல் லைட். கிராஃபிக்ஸ் கார்டு முப்பரிமாண டிசைன் செய்பவர்களுக்கு உதவும், ஒப்புக்கொள்கிறேன். மெஷின் லேர்னிங் என்று அடுத்த அஸ்திரத்தை எடுத்தால், கூகுள் கோலாபில் ஜிபியு ஓசியில் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பாருங்கள்.

அப்பா விசைத்தறியில் வேலை பார்க்கிறார். ஐடி பிரிவில் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் இருப்பது அண்ணனுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப், மிகவும் ஸ்லோ. கடன் வாங்கிப் புதிது வாங்கித் தருகிறேன் என்கிறார் அப்பா. வாங்கலாமா?
- மாணவி, குமாரபாளையம்

வட்டிக்கு வாங்க வேண்டாம். செல்போன் ஆப்பில் கடன், வேண்டவே வேண்டாம்.

முதல் வருடம் பெரும்பாலும் கணக்கு, இயற்பியல், வேதியியல், கூட ஏதாவது ஒரு புரோகிராமிங் பாடம். அதற்கு அண்ணனின் லேப்டாப் போதும். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி மாட்டச் சொல்லுங்கள். விண்டோஸுக்குப் பதில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். பைத்தானும் சியும் தாராளமாக ஓடும். 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் அந்த லினக்ஸை எழுதத் தொடங்கிய கம்ப்யூட்டரில் 4 எம்பி ராம்தான் இருந்தது. ஜிபி அல்ல, எம்பி.

இரண்டாம் வருடம் நல்லது தேவைப்படும்போது இரண்டு வழி. வங்கிக் கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர் செலவையும் அதிலேயே சேர்த்துக் கேட்க இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, வங்கியில் தாமாகச் சொல்ல மாட்டார்கள். தேவை என்று கல்லூரியிலும், விலை என்னவென்று கடையிலும் எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். இன்னொன்று செகண்ட் ஹேண்ட். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ம் தலைமுறையாவது வேண்டும். ஐ7 என்று ஆசை காட்டி 6-ம் தலைமுறையைத் தள்ளுவார்கள், அசையாதீர்கள். திங்க்பேட் டி480 போன்ற பழைய ஆபீஸ் மாடல்களில் ராம் ஸ்லாட் இரண்டு இருக்கும், உழைக்கும். வாங்குமுன் ஒவ்வொரு கீயையும் தட்டி, மூடியைப் பத்துமுறை திறந்து மூடி, சார்ஜரைப் பிடுங்கி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு, சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிச்சியின் பெயரையா வைத்தார்கள்?
- வாசகர், பெரம்பலூர்

இல்லை. ஆனால் இரண்டு ரிச்சிக்கும் கப்பம் கட்டாமல் இங்கே யாரும் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் ஆனதில்லை.

ஏஐ லேப்டாப் என்று விற்கிறார்களே, அதுவே புரோகிராம் எழுதிக் கொடுத்துவிடுமா?
- மாணவர், நெய்வேலி

எழுதிவிடும். அரியர் மட்டும் உங்கள் பெயரில் வரும்.