தாம்பரத்து மாவுப் புளிப்பில் நீர், மின் சிக்கனம்: ஓர் ஆராய்ச்சி

வீட்டில் பீர் காய்ச்சும்போது மின்சாரத்தையும் தண்ணீரையும் எப்படி மிச்சம் பிடிப்பது என்பதே இவ்வாய்வுக்கு முதலில் எடுத்துக்கொண்ட பொருள். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நின்றது. (டாஸ்மாக்கில் வாங்கிக் குடிக்கலாம், வீட்டில் காய்ச்சினால் கம்பி எண்ண வேண்டும்.) ஆகவே ஆய்வு இட்லி மாவுக்கு மாற்றப்பட்டது. பெரிய மாற்றம் இல்லை. உளுந்தோடு வரும் லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா, மாவைப் பொங்கவைக்கும் கரியமில வாயுவோடு துளி ஆல்கஹாலையும் உண்டாக்கத்தான் செய்கிறது. ஆவியில் அது பறந்துவிடுவதால் நாம் தப்பித்தோம்.

ஒப்பீட்டுக்காக ஒன்று: 20 லிட்டர் பீர்ச் சாற்றை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 1.6 யூனிட் வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். அதன்பின் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு 20 டிகிரிக்கு ஆற்ற வேண்டும். மே மாதப் பகலில் சேலையூர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை எத்தனை குடம் ஓடவிட்டாலும் அது நடக்காது. மாவுக்கோ ஆற்றும் வேலையே இல்லை. நம் ஊர் வெயில் இலவசமாகப் பொங்கவைக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மூடியையும் தள்ளிக்கொண்டு மேடையில் வழிகிறது. மார்கழியில்தான் பாத்திரத்தை அடுப்புப் பக்கம் நகர்த்த வேண்டியிருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 150 வாட் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், விளக்கு, ஃபேன் எதுவும் போடாத குடும்பம் ஆயிரம் முறை மாவு அரைக்கலாம். யாரும் முயன்றதாகத் தெரியவில்லை.

சிக்கல் தண்ணீரில். மாடம்பாக்கமும் சிட்லபாக்கமும் 2021இல் பேரூராட்சியிலிருந்து தாம்பரம் மாநகராட்சிக்கு உயர்ந்துவிட்டன. போர் தண்ணீரின் உப்பு மட்டும் பேரூராட்சிக் காலத்திலேயே நிற்கிறது. அதனால் அரிசி களைவது போர் தண்ணீரில், ஊறவைப்பது லாரித் தண்ணீரில், அரைக்கத் தெளிப்பது கேன் தண்ணீரில் என்று ஒரே மாவுக்கு மூன்று நீர்நிலைகள். கழனித் தண்ணீர் முன்பு மாட்டுக்குப் போனது. மாடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஆகவே கறிவேப்பிலைச் செடிக்கு.

உளுந்து முந்தியா, அரிசி முந்தியா என்பதில் இரு மரபுகள் மோதுகின்றன. இந்த ஆய்வு மாமியார் மரபையே ஏற்கிறது. உளுந்தை வழித்தெடுத்தபின் கல்லைக் கழுவாமல் அரிசியைப் போட்டால், ஒட்டியிருந்த உளுந்தையும் அரிசியே சேர்த்துக்கொண்டு வந்துவிடும். ஒரு கழுவு மிச்சம். கல்லைக் கடைசியாக அலம்பிய தண்ணீரையும் மாவிலேயே ஊற்றும் தீவிரவாதிகள் உண்டு. அளவு மீறினால் இட்லி தட்டையாகிவிடும். அதைத் தோசை என்று அறிவித்துச் சமாளிப்பது அம்மரபின் வழக்கம்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. வில்லிவாக்கத்தோடு அது நின்றுவிட்டது, தாம்பரத்துக்கு லாரிதான். இங்குள்ள சிக்கனம் சுற்றுச்சூழல் கருத்தரங்கில் பிறந்ததன்று, லாரிக்காரருக்குப் போன் போட்டுக் காத்திருந்ததில் பிறந்தது என்பதே ஆய்வாளரின் துணிபு.

மாவு பாக்கெட் வாங்கினால் வீட்டுச் செலவு பூஜ்யம் என்று ஒரு தரப்பு வாதாடுகிறது. தண்ணீர் செலவாகத்தான் செய்கிறது, அடுத்தவர் சம்பிலிருந்து. மேலும் மாவு புளித்துப்போகாமல் இருக்க, கடையில் ஃபிரிட்ஜ் இரவும் பகலும் ஓடுகிறது.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிரைண்டரைத் திறந்த குழாயடியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். இரண்டு சொம்புத் தண்ணீர் போதும்.