யன்னலைத் திற, யன்னலைப் பூட்டு

போன மார்கழியில் வீட்டுக்கார அண்ணை வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு விட்டிருக்கும் மூன்று வீடுகளில் எதற்குள்ளும் அவர் அதைக் கழற்றுவதில்லை, அனுபவஸ்தர். பிள்ளைகளின் கட்டிலுக்குப் பின்னால் கரும்பச்சையாய்ப் படர்ந்திருந்த பூஞ்சணத்தை விரலால் சுரண்டி மணந்து பார்த்தார். பிறகு தீர்ப்பு.

"தம்பி, கறி காய்ச்சேக்கை யன்னலைத் திறக்கிறேல்லைப் போல. உடுப்பும் உள்ளுக்கையோ காயப்போடுறியள்?"

மூச்சு விடுகிறீர்களா என்றும் கேட்டிருக்கலாம். விடுகிறோம், நான்கு பேர், இரவு முழுக்க. அந்த ஈரம் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய்த் தண்ணீராய்ப் படிகிறது. நூறு வருஷம் தாண்டிய இந்தச் செங்கல் சுவருக்கு நடுவே இடைவெளி கிடையாது, பஞ்சடைக்க வழியில்லை. உள்ளேயோ வெளியேயோ பலகை அடித்துத்தான் குளிரை மறிக்கலாம். அதைச் செய்யும் உரிமை அவருக்கு. எனக்கு யன்னலைத் திறக்கும் உரிமை. திறந்தால் ஹீட்டர் சூடு வீதிக்குப் போகும். ஈஸ்ட்ஹாம் வீதியைச் சூடாக்க என் சம்பளம் காணாது.

அரசாங்கப் பிரசுரமோ யன்னலைப் பூட்டு, கதவிடுக்கில் துணி வை என்கிறது. அறிவுரைக்கு மட்டும் இந்த நாட்டில் தட்டுப்பாடே வந்ததில்லை. 2022 ஜனவரியில் ஒரு மின் நிறுவனம், வளர்ப்புப் பிராணியைக் கட்டிப்பிடியுங்கள், துள்ளிக் குதியுங்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டது. என் வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனைக்குத் தடை. துள்ளினால் கீழ்வீட்டுக்காரர் கூரையை இடிப்பார். அதே வருஷம் செப்டெம்பர் 1ஆம் திகதி அப்போதைய பிரதமர் போரிஸ் ஜோன்சன், 20 பவுண்ஸுக்குப் புதுக் கேத்தில் வாங்கினால் வருஷம் 10 பவுண்ஸ் மிச்சம் என்று கணக்குச் சொன்னார். போட்ட காசு திரும்ப இரண்டு வருஷம். அவரோ ஐந்தாம் நாள் பிரதமர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். அவரும் ஒருவகையில் வாடகைக்காரர்தான். ஆனால் போகும்போது சுவரில் பூஞ்சணம் என்று எவரும் முற்பணத்தைப் பிடித்திருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு முற்பண மீட்டர். கோடையில் ஹீட்டரைத் தொடாவிட்டாலும் மீட்டரின் நாள்கட்டணம் அதில் கடனாக ஏறிக்கொண்டிருக்கும். முதல் குளிருக்குக் கார்ட்டில் காசு போட்டால், மீட்டர் தன் பங்கை விழுங்கிவிட்டுத்தான் சூட்டைக் காட்டும். பில் கட்ட முடியாதவர்களின் வீடுகளுக்கு நிறுவனத்தின் ஆட்கள் நீதிமன்ற வாரண்டோடு போய்ப் பூட்டை உடைத்து இந்த மீட்டரைப் பொருத்தினார்கள். 2023 பெப்ரவரியில் பத்திரிகை அம்பலப்படுத்திய பிறகுதான் அதை நிறுத்தி வைத்தார்கள். கதவிடுக்கில் துணி வைத்த வீடுகள் அவை!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. எரிசக்திச் சான்றிதழில் 'ஈ' தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை 2020 ஏப்ரலிலிருந்து வாடகைக்கு விடக்கூடாது. ஆனால் திருத்த 3,500 பவுண்ஸுக்கு மேல் செலவாகும் என்றால் விலக்கு எடுத்துக்கொண்டு விடலாம். அதாவது வீடு எவ்வளவு மோசமோ, சட்டம் அவ்வளவு இரக்கம். தரத்தை 'சி'க்கு உயர்த்தும் திட்டத்தை 2023 செப்டெம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் கைகழுவினார்.

இந்த இடத்தில் எனக்குப் பகிடி வரவில்லை. 2020 டிசெம்பரில் ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை, வீட்டுப் பூஞ்சணத்தைச் சுவாசித்து இறந்தான். தகப்பன் 2017இலேயே முறையிட்டிருந்தார். வீட்டை வாடகைக்கு விட்ட சமூக வீட்டு நிறுவனம் மேலே பெயின்ற் அடி என்றது. குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணமென்று ஊகித்துக்கொண்டதை அந்த நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. கறி காய்ச்சேக்கை யன்னலைத் திறக்கவில்லையோ என்று எங்கள் அண்ணை தமிழில் கேட்டதும் இதைத்தான். அந்தப் பிள்ளையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபரில் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. தனியார் வீட்டுப் பிள்ளைகளின் நுரையீரல் கொஞ்சம் பொறுக்கட்டுமாம்.

மாசியில் அண்ணை ஒரு வாளி வெள்ளைப் பெயின்றோடு வந்து, ஈரம் காயுமுன்பே பூஞ்சணத்தின் மேல் பூசினார். கிழமை தாண்டவில்லை, போன் வந்தது.

"தம்பி, பெயின்ற் அடிச்ச செலவு இருக்கெல்லோ. ஏப்ரலிலையிருந்து மாசம் எண்பது பவுண்ஸ் கூட்டித் தாங்கோ. பிறகு, அந்த யன்னலை…"

"ஓம் அண்ணை, திறந்துதான் கிடக்குது. பூட்டு உடைஞ்சு மூண்டு வருஷம்."