துண்டு போட்ட இருக்கை: 3000ஆம் போர்ட் குறித்த ஓர் ஆய்வு

போர்ட் என்பது கணினிக்கு வரும் தரவு எந்த நிரலிடம் போய்ச் சேர வேண்டும் என்று காட்டும் 16 பிட் எண். 0 முதல் 65535 வரை மொத்தம் 65,536 இருக்கைகள் கொண்ட இந்த வண்டியில், ஏறுகிறவர்களில் பாதிப்பேர் 3000ஆம் இருக்கைக்கே முண்டியடிப்பது ஏன் என்பது ஆய்வுக்குரியது.

0 முதல் 1023 வரை பிரமுகர் வரிசை. எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443, எஸ்எஸ்எச்சுக்கு 22. யுனிக்ஸ் மரபில் ரூட் அதிகாரம் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை. ஆகவே டெவலப்பர் குலம் பின்வரிசைக்குப் போயிற்று: ஜாங்கோ 8000, ஆங்குலர் 4200, ரெயில்ஸ் 3000. கிரியேட் ரியாக்ட் ஆப்பும் எக்ஸ்பிரஸின் எடுத்துக்காட்டு நிரலும் அதே 3000இல் துண்டு போட்டன. 5000இல் நிம்மதியாக இருந்த ஃபிளாஸ்க்குக்கு 2021இல் சோதனை வந்தது. மேக் மான்டெரியில் ஏர்பிளே ரிசீவர் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழைச்செய்தி கண்டவர் முதலில் ஐயப்படுவது அயலாரை. ஆக்கிரமித்திருப்பது பெரும்பாலும் நேற்றிரவு அவரே மூடாமல் விட்ட டெர்மினல். எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் ஆளைக் கண்டுபிடித்து எழுப்புவது முறை. பொறுமையற்றோர் கண்ணில் பட்ட நோட் செயல்முறைகளையெல்லாம் கொன்றுவிடுவர். அப்பாவிகளும் சாவர்.

வீட் என்னும் டெவலப்மென்ட் சேவையகம் சாது. தன் வழக்கமான 5173இல் ஆள் இருந்தால் சண்டை போடாமல் 5174க்கு நகர்ந்துவிடும். வினை அங்கேதான் தொடங்குகிறது. பிரவுசரின் கணக்கில் நெறிமுறை, முகவரி, போர்ட் மூன்றும் ஒத்தால்தான் ஒரே மூலம். 5173ஐ மட்டும் அனுமதித்த பின்தளச் சேவையகத்துக்கு 5174 அந்நியன். கோர்ஸ் பிழை சிவப்பாகக் கொட்டும். குக்கியோ போர்ட்டைப் பொருட்படுத்தாது. ஒரு புராஜெக்ட்டில் லாகின் செய்த குக்கி, லோக்கல்ஹோஸ்ட்டில் ஓடும் மற்றொரு புராஜெக்ட்டுக்கும் போகும். ஒரே வீட்டில் மாமியாருக்கு ஒரு சட்டம், மருமகளுக்கு ஒரு சட்டம். ஸ்ட்ரிக்ட்போர்ட் அமைப்பை இயக்கினால் வீட் நகராமல் பிழை சொல்லி நின்றுவிடும். அதுவே மேல்.

தனி எண் தேடுவோர் 6000ஐத் தவிர்ப்பது நலம். சேவையகம் ஓடும், ஆனால் 6000 எக்ஸ் விண்டோவுக்குரிய எண் என்பதால் குரோம் உள்ளே நுழைய மறுக்கும்.

0ஆம் போர்ட்டைக் கேட்டால் இயங்குதளமே காலியிடம் பார்த்துக் கொடுக்கும். சண்டையே இல்லை. ஆனால் கிடைக்கும் எண் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால் தானியங்கிச் சோதனைகளுக்கே அது ஏற்றது. பிரவுசரைத் திறந்ததும் மனித விரல் தானாகத் தட்டுவது 3000.