ஆணையை அனுப்பாதவரே தீர்ப்பும் சொன்னார்

நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் போடும் சட்டத்தை, ஓட்டே கேட்காத நீதிபதிகள் ரத்து செய்கிறார்களே, யார் கொடுத்த அதிகாரம்?
— வாசகர், அரூர், தருமபுரி மாவட்டம்

அமெரிக்காவில், அவர்களே எடுத்துக்கொண்டது! அந்த அதிகாரத்தை நிலைநாட்டிய 1803 மார்பரி வழக்கில், மார்பரியின் நியமன ஆணைக்கு முத்திரை குத்திவிட்டு அனுப்பாமல் விட்ட முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷல்தான், தீர்ப்புச் சொன்ன தலைமை நீதிபதியும். இந்தியாவில் அரசியல் சாசனத்தின் 13-ஆம் பிரிவே கொடுத்துவிட்டது. அப்படியானால் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்பீர்கள். சென்னை அரசின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூனிலேயே நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்தி, 15(4) பிரிவைச் சேர்த்து இடஒதுக்கீட்டைக் காத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாடாளுமன்றமும் அதுவரை பொதுத்தேர்தலைச் சந்தித்ததில்லை! கடைசி வார்த்தை யாருக்கும் நிரந்தரச் சொத்தாகாதவரை ஜனநாயகத்துக்கு ஆபத்தில்லை.