கரடிக்குப் பெருங்காயம் பிடிக்குமா?

கோடை வந்துவிட்டால் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சியரா நெவாடா மலைக்குள்ளே பைன் மரக் காடு, மெர்செட் ஆறு, கரையில் டென்ட். போய் வந்தவர்களும் போகப் பயப்படுகிறவர்களும் எழுதிய கடிதங்களுக்கே இந்த முறை முழு இடமும்.

வீடு வாசல், மெத்தை, ஹீட்டர் எல்லாம் வைத்துக்கொண்டு, தரையில் படுக்க ஒரு ராத்திரிக்கு 36 டாலர் கட்டுகிறான் என் மகன். இவனைப் படிக்க வைத்ததே தப்போ?
*– ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், திருச்சி (இப்போது ஃப்ரீமான்ட்)*

36 டாலர் தலைக்கு அல்ல, இடத்துக்கு. ஆறு பேர் வரை படுக்கலாம். கூடவே ஒரு மர மேசை, நெருப்பு மூட்ட ஒரு வளையம், ஓர் இரும்புப் பெட்டி. குழாயும் கழிப்பறையும் பொதுவில் உண்டு. மின்சாரம் கிடையாது. குளிக்க வேண்டுமென்றால் கறி வில்லேஜ் வரை போகவேண்டும். (பெயரைப் பார்த்து மட்டன் குழம்பை எதிர்பார்க்க வேண்டாம். 1899இல் அங்கே டென்ட் விடுதி தொடங்கிய தம்பதியின் குடும்பப் பெயர் அது.)

இதற்காகவா என்று கேட்பீர்கள். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் உள்ள பைன்ஸ் முகாம்களின் முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே, மாதத்தின் 15ஆம் தேதி காலை 7 மணிக்குத் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்கல் கவுன்டர் பார்த்த உங்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மகன் படித்த படிப்பெல்லாம் விரல் நுனிக்கு வந்து வேலை செய்தது அன்றைக்குத்தான்.

பழைய வரைபடம் ஒன்றில் அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்று இரண்டு முகாம்கள் இருக்கின்றன. பெயரே ஆசையைக் கிளப்புகிறது. முன்பதிவுப் பட்டியலில் மட்டும் காணவில்லையே?
*– ஆற்றோரவாசி, ஈரோடு*

ஆறு எடுத்துக்கொண்டது. 1997 ஜனவரி முதல் வாரம் மலை உச்சிகளில் பனி கனமாகக் கிடந்தது. அதன் மேல் பசிபிக் கடலிலிருந்து வந்த வெதுவெதுப்பான மழை கொட்டியது. மழைத் தண்ணீரோடு உருகிய பனியும் சேர்ந்து ஒரே மூச்சில் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. சாலைகள், பாலங்கள், சாக்கடைக் குழாய்கள், விடுதி அறைகள் எல்லாம் போயின. பூங்காவின் பெரும்பகுதி இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. நீங்கள் சொல்லும் இரண்டு முகாம்களும் பழையபடி திறக்கவே இல்லை.

பள்ளத்தாக்கில் நடக்கும்போது, அன்று வெள்ளம் நின்ற உயரத்தைக் குறித்து வைத்திருக்கும் பலகைகளைப் பார்க்கலாம். ஆறு எங்கோ கீழே சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும். பலகையின் கோடு உங்கள் தலைக்கு மேலே இருக்கும். ஐந்து நிமிடம் அதன் கீழே நின்றுவிட்டு வாருங்கள். ‘தண்ணீரை ஒட்டியே இடம் வேண்டும்’ என்ற ஆசை தானாகப் பத்தடி பின்வாங்கும். இப்போதைக்கு லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் இரண்டிலும் ஆற்றைப் பார்த்த மாதிரி இடங்கள் உண்டு.

கரடிக்குப் பெருங்காயம் பிடிக்குமா?
*– சாம்பார்ப் பிரியை, சன்னிவேல்*

பிடிக்குமா என்று அது முகர்ந்து பார்த்து முடிவு செய்யும். பிரச்சினையே அந்த முகர்தல்தான். முன்னே சொன்ன இரும்புப் பெட்டி அதற்காகத்தான். சாப்பாடு மட்டும் உள்ளே போனால் போதாது. மணம் உள்ள எதுவும் போகவேண்டும். பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், அமிர்தாஞ்சன், குழந்தையின் ஈரத்துடைப்பான், கைப்பையில் ஒளிந்திருக்கும் இஞ்சி மரப்பா, காலி ஊறுகாய்ப் பாட்டில், அத்தனையும். உள்ளே வைத்தால் மட்டும் போதாது, தாழ்ப்பாளையும் போடவேண்டும்.

‘காருக்குள் பூட்டி வைக்கிறேனே’ என்பீர்கள். கரடி, கார்க் கதவின் மேல்விளிம்பில் நகத்தை மாட்டி, சட்டத்தோடு வளைத்துக் கீழே இழுத்துவிடும். 1998இல் மட்டும் கரடிச் சம்பவங்கள் மொத்தம் 1,584. சேதம் ஆறரை லட்சம் டாலர் என்கிறது பூங்காவின் கணக்கு. பிறகு பெட்டியும் கண்காணிப்பும் இறுகியதும் அந்த எண்ணிக்கை பாதாளத்துக்கு இறங்கியது. விதியை மீறினால் அபராதம் 5,000 டாலர் வரை போகலாம். உலகத்திலேயே விலை உயர்ந்த பெருங்காயம் உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

கரடிக்கு இந்தத் திருட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த மகராசன் யார்?
*– நியாயம் கேட்பவன், நாகர்கோவில்*

அரசாங்கம்தான். 1940 வரை யோசெமிட்டியில் மாலைக் காட்சியே கரடிக் காட்சிதான். விளக்குப் போட்டு, விடுதிகளின் எச்சில் சாப்பாட்டை மேடையில் கொட்டி வைப்பார்கள். கரடிகள் வந்து தின்னும், ஜனங்கள் உட்கார்ந்து கைதட்டுவார்கள். காட்சியை நிறுத்தினார்கள், கரடிகளுக்கு யாரும் அறிவிப்புக் கொடுக்கவில்லை. மேடை போனால் என்ன என்று குப்பைத் தொட்டிக்கும், அங்கிருந்து கார்களுக்கும் வந்துவிட்டன. தாய்க் கரடி குட்டிக்குக் கற்றுக்கொடுத்தது. மனிதச் சாப்பாட்டுக்குப் பழகி, பயம் விட்டுப்போன கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வந்தது. விருந்து வைத்தவர்கள் தப்பித்தார்கள், சாப்பிட்டது மாட்டிக்கொண்டது.

நேருக்கு நேர் வந்துவிட்டால் மரம் ஏறலாமா, செத்த மாதிரி படுக்கலாமா?
*– பஞ்சதந்திரம் படித்தவன், பழநி*

இரண்டும் வேண்டாம். இங்கே இருப்பது கருங்கரடி. உங்களைவிட நன்றாக மரம் ஏறும். பெயர்தான் கருங்கரடி, யோசெமிட்டியில் பெரும்பாலானவை பழுப்பு நிறம். பார்த்ததும் ‘கிரிஸ்லி’ என்று அலறாதீர்கள். கலிஃபோர்னியாவின் கொடியில் கம்பீரமாக நடக்கும் கிரிஸ்லியை அந்த மாநிலத்தார் 1920களிலேயே சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். அது இன்று கொடியில் மட்டும்தான் நடக்கிறது.

முகாமுக்குள் கருங்கரடி வந்தால், தூரத்தில் நின்றபடியே குடும்பத்தோடு சேர்ந்து கத்துங்கள், விரட்டுங்கள். அது ஓட வழி விடுங்கள். செல்ஃபிக்காகக் கிட்டே போகாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் போடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. இதற்காக அதை மீறினால் பக்கத்து டென்ட்காரரும் எழுந்து வந்து உங்களோடு சேர்ந்து கத்துவார்.

இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டும் துவரம்பருப்பு வேகவில்லை. அமெரிக்கப் பருப்பில் ஏதாவது கோளாறா?
*– அடுப்படி ஆராய்ச்சியாளர், சேலம்*

பருப்பு நம் ஊர்ப் பருப்புதான், உயரம்தான் கோளாறு. பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் 96 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆகவே குக்கர் கொண்டுபோங்கள், பருப்பை முன்கூட்டியே ஊறவையுங்கள். நாலாவது விசிலுக்கு எட்டிப் பார்க்கும் பக்கத்து டென்ட்காரருக்கு ஒரு கரண்டி கொடுத்துவிடுங்கள்.

கீழே உதிர்ந்து கிடக்கிற சுள்ளியைப் பொறுக்கினால் ரேஞ்சர் தடுக்கிறார். காடு முழுக்க விறகு, நான் காசு கொடுத்து விறகு வாங்க வேண்டுமா?
*– சிக்கனசிகாமணி, காரைக்குடி*

ஆமாம். ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வந்து போகும் இடம் அது. ஆளுக்கு ஒரு கை சுள்ளி எடுத்தால் அடுத்த தலைமுறை மரத்துக்கு மக்கி உரமாக எதுவும் மிஞ்சாது. அதனால் பள்ளத்தாக்கில் சுள்ளி மட்டுமல்ல, பைன் காய், பைன் ஊசி கூடப் பொறுக்கக் கூடாது. வீட்டிலிருந்து விறகு கட்டிக்கொண்டும் போகாதீர்கள்; விறகோடு மரத்தைக் கொல்லும் பூச்சியும் பயணம் செய்யும். கோடையில் மாலை 5 முதல் இரவு 10 வரைதான் நெருப்பு. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகே படுக்கப் போகவேண்டும்.

இத்தனை கண்டிப்புக் காட்டும் இதே இடத்தில்தான் 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1968 வரை ‘நெருப்பு அருவி’ நடந்தது. கிளேசியர் பாயின்ட் பாறை விளிம்பில், தரையிலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில், செந்தேவதாரு இன மரத்தின் பட்டைகளைக் குவித்துக் கொளுத்துவார்கள். தணலாகச் சிவந்ததும் நீளக் கழியால் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு வெளியே தள்ளுவார்கள். கீழே பார்க்க வந்த கூட்டம் புல்வெளியை மிதித்துத் துவைத்தது. கடைசியில் பூங்கா நிர்வாகமே நிறுத்திவிட்டது. பிறகு 2013இல் பக்கத்துக் காட்டில் யாரோ சட்டவிரோதமாக மூட்டிய நெருப்பு கைமீறியது என்றது வனத்துறை. எரிந்தது இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல், யோசெமிட்டியின் ஒரு பகுதி உட்பட. உங்கள் சுள்ளி சின்னதுதான். அந்த நெருப்பும் சின்னதாகத்தான் ஆரம்பித்தது.

ஆற்றங்கரை வரை போய்விட்டு ஒரு முழுக்குப் போடாமல் வருவது பாவமில்லையா?
*– காவிரிக்கரை மாமா, கும்பகோணம்*

மாமா, மாதத்தைப் பார்த்து முழுகுங்கள். மெர்செட்டில் ஓடுவது உருகிய பனி. மே, ஜூனில் ஆறு நிறைந்து ஓடும்; குளிர் உடம்பில் பட்ட மாத்திரத்தில் மூச்சு இழுத்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்த கைகாலும் சொன்னபடி கேட்காது. நடு ஆற்றில் கிடக்கும் மரத்தின் கிளைகளுக்கு இடையே தண்ணீர் வழிந்து போகும், ஆள் சிக்கிக்கொள்வார். ஆகஸ்ட் வாக்கில் நீர் இறங்கி, மணல் திட்டுத் தெரிந்த பிறகு முழங்காலளவில் நின்று சொம்பால் ஊற்றிக்கொள்ளுங்கள். அருவிக்கு மேலே உள்ள தண்ணீரில், அது எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், கால் நனைக்கவே கூடாது. அந்த இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. சோப்பு, சீயக்காய், எச்சில் பாத்திரம் மூன்றும் ஆற்றுக்கு ஆகாது.

அந்தக் கரையில் முதன்முதலில் முகாம் போட்டவர் யார்?
*– வரலாற்று மாணவி, மதுரை*

முகாம் இல்லை, ஊரே இருந்தது. அவானீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. ஓக் மரக் கொட்டைகளைக் காயவைத்து, கருங்கல் பாறையில் குடைந்த குழிகளில் இடித்து, அந்த மாவின் மேல் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கசப்பை இறக்குவார்கள். பிறகு சமையல். பானை கிடையாது. தண்ணீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கிப் பின்னிய கூடையில் மாவைக் கரைத்து, நெருப்பில் காய்ச்சிய கல்லை உள்ளே போட்டுக் கிளறினால் கூழ் கொதிக்கும். புல்வெளி காடாகிவிடாமல் இருக்க அளவாகத் தீ வைத்துப் பராமரித்ததும் அவர்கள்தான்.

தங்கம் தேடி வந்த கூட்டத்துக்குப் பின்னால் 1851இல் ஆயுதப் படை வந்து அவர்களை விரட்டியது. திரும்பி வந்து தங்கியவர்களின் கடைசிக் குடியிருப்பையும் பூங்கா நிர்வாகம் 1969இல் இடித்தது. 36 டாலர் கட்டி ஓர் இரவு படுக்கிறோமே, அந்த இடத்தின் வாடகைக் கணக்கு இன்னும் தீராதது.

பெரிய மனிதர் யாராவது இங்கே தரையில் படுத்திருக்கிறார்களா? அப்பாவைச் சம்மதிக்க வைக்க உதாரணம் தேவை.
*– அவசரக்காரி, சான் ஹோசே*

அமெரிக்க ஜனாதிபதி போதுமா? 1903 மே மாதம் தியோடர் ரூஸ்வெல்ட், இயற்கை எழுத்தாளர் ஜான் மியூரோடு மூன்று இரவு இங்கே வெட்டவெளியில் தங்கினார். பள்ளத்தாக்கில் விருந்தும் வாணவேடிக்கையுமாகக் காத்திருந்த பிரமுகர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார். இரண்டாவது இரவு போர்வை மேல் பனி பெய்தது. காலையில் எழுந்து குழந்தை மாதிரி குதூகலித்தாராம். மியூர் சும்மா இருக்கவில்லை. மாநிலத்தின் கையில் இருந்த பள்ளத்தாக்கை மத்திய அரசே ஏற்கவேண்டும் என்று அவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார். 1906இல் அது நடந்தது. அப்பாவிடம் காரியம் ஏதாவது ஆகவேண்டியிருந்தால் நீங்களும் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கோடையிலும் ராத்திரி நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீர்கள்.

சுதந்திரமாக இருக்கலாம் என்றுதானே காட்டுக்குப் போகிறோம்? அங்கேயும் அதைச் செய்யாதே, இதைத் தொடாதே. ஆபீஸே தேவலை.
*– மூச்சுமுட்டுபவன், சென்னை*

ஆபீஸ் விதிகளை யார் எதற்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. இங்கே ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடியும். பெட்டிக்குக் காரணம், நாம் கரடிக்கு வைத்த விருந்து. நெருப்பைச் சூடாற அணைக்கச் சொல்வதற்குக் காரணம், நாம் கைமீற விட்ட தீ. கரையை ஆற்றுக்கு விட்டதற்குக் காரணம், அது ஒருமுறை வந்து கேட்டு வாங்கிக்கொண்டது. காடு போட்ட சட்டம் ஒன்றுகூட இல்லை; எல்லாம் நம் ஆட்கள் வாலாட்டியதற்கு நாமே எழுதிக்கொண்டது. படித்துவிட்டுப் போனால் விதியாகத் தெரியாது, வரலாறாகத் தெரியும்.

என் கணவரின் குறட்டை டென்ட் துணியைத் தாண்டிப் பைன் மரம் வரை கேட்கிறது. பத்து மணி அமைதி விதியில் இது சேருமா?
*– தூக்கம் தொலைத்தவள், கோவை*

குறட்டையைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. ஜெனரேட்டர் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். அதை ஓட்ட அனுமதி காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. மதியம் சாப்பாடு போட்டதும் படுக்கச் சொல்லிவிடுங்கள். ராத்திரி டென்ட்டுக்குக் காவல் அவர், தூக்கம் உங்களுக்கு.