வில் ஒடிக்க எளிய வழிகள்

மிதிலையில் வில்லை ஒடித்தவருக்குப் பெண் கொடுத்தார்கள். கொல்லைப்புறத்தில் தானே செய்த வில்லை ஒடிப்பவருக்கு மிஞ்சுவது விறகுதான். ஆனாலும் தற்செயலாக ஒடிவதில் என்ன பெருமை இருக்கிறது? முறைப்படி ஒடிக்க விரும்புவோருக்காக இந்த யோசனைகள். முதுகுப்பட்டையைக் கெடுத்தாலே போதும், மீதியை வில் பார்த்துக்கொள்ளும்.

எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் வயிறு, இலக்கைப் பார்த்திருப்பது முதுகு. நாணை இழுத்தால் வயிறு நெருக்குப்படும், முதுகு இழுபடும். முதுகில் ஒரு நார் விட்டாலும் வில் போய்விடும் என்பதால் அங்கே ஹிக்கரி, மூங்கில் போன்ற உறுதியான பட்டையை ஒட்டுகிறார்கள். கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கைவரிசையைக் காட்ட இதைவிடத் தோதான இடம் கிடையாது.

முதலில் மரக்கடை. ஹிக்கரி அமெரிக்க மரம். அங்கே ரெட் ஓக் பலகைக்கு முதுகாக அதை ஒட்டுவது வழக்கம். பட்டையின் நிறத்தைப் பாருங்கள், வழவழப்பைப் பாருங்கள், விலையைப் பாருங்கள். ரேகையை மட்டும் பார்த்துவிடாதீர்கள். பார்த்தே தீருவேன் என்றால் மேல்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் திருப்பினால், ரேகை நுனிவரை ஓடாமல் பாதியிலேயே சரிந்து வெளியேறுவது தெரிந்துவிடும், அப்புறம் வாங்க மனம் வராது. அப்படி அறுபட்ட இடத்தில்தான் சிராய் கிளம்பும். கோபுரம் கோபுரமாக ரேகை அடுக்கிய பலகை கண்ணுக்கு அழகு, நம் காரியத்துக்கும் உகந்தது. முனைக்கு முனை ரேகை நேராக ஓடும் பட்டையோ, மரத்தின் ஆண்டு வளையம் படுத்திருந்தாலும் நின்றிருந்தாலும் தாங்கிவிடும். அதை வேறு யாராவது எடுத்துப்போகட்டும்.

மூங்கிலைக் கெடுக்கக் கொஞ்சம் உழைக்க வேண்டும். வெளித்தோலை ஒட்டி நார் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போகத் தளர்ந்துவிடும். அதனால் உள்பக்கத்தை இழைத்து மெலிப்பதுதான் முறை. நீங்கள் வெளிப்பக்கத்தை இழையுங்கள். கணுக்கள் மேடாகத் துருத்திக்கொண்டு கண்ணை உறுத்தும். உப்புத்தாள் போட்டுத் தரையோடு தரையாகத் தேய்த்துவிடுங்கள். அங்கே நார் மேடேறித்தான் போகிறது, தேய்த்தால் அறுந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்க வேண்டாம்.

ஜப்பானில் மியாகோனோஜோ என்ற ஊர் மூங்கில் வில்லுக்குப் பேர் போனது. 2 மீட்டரைத் தாண்டும் அந்த வில்லுக்கு முதுகிலும் மூங்கில், வயிற்றிலும் மூங்கில், நடுவே பட்டைகளின் அடுக்கு. பசை தடவிச் சேர்த்து, கயிற்றால் சுற்றி, கயிற்றுக்கு அடியில் வரிசையாக ஆப்பு அடித்து வளைவை ஏற்றுகிறார்கள். இவ்வளவு மெனக்கெட்டால் வில் எப்படி ஒடியும்?

ஜோடி சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெத்தென்ற மரத்தின் முதுகில் கனத்த மூங்கிலை ஒட்டுங்கள். முதுகு நீள மறுக்கும். வயிறு அத்தனை அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு குறுக்கே மடிப்பு மடிப்பாக நசுங்கும். பட்டையை மெலித்தோ, முதுகின் அகலத்தை வயிற்றைவிடக் குறைத்தோ இதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேராதீர்கள்.

பசைக்கு வருவோம். இரண்டு பரப்பையும் சேர்த்துப் பிடித்து, இடையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது சிலருக்கு வழக்கம். எதற்கு? கிளாம்ப் இருக்கவே இருக்கிறது. பலங்கொண்ட மட்டும் முறுக்குங்கள். பசையெல்லாம் வெளியே வழிந்து, உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இப்பே போல எண்ணெய்ச் சத்துள்ள மரமானால், இழைத்து ஒரு வாரம் சும்மா போட்டுவிட்டு ஒட்டுங்கள். இழைத்த கையோடு அசிட்டோனால் துடைத்து ஒட்டினால் பிடித்துத் தொலைக்கும். காயும் நேரம் பற்றிக் குப்பியில் அச்சிட்டிருப்பது பயந்தவர்களுக்கு.

கடைசியாக நாண். கொஞ்சம் வளைத்து, கெட்டியான இடத்தில் வயிற்றைச் சுரண்டி, மேல் பாதியும் கீழ் பாதியும் ஒத்து வளைகிறதா என்று தள்ளி நின்று பார்த்து, மறுபடி வளைத்து... இதெல்லாம் வேண்டாம். எடுத்த எடுப்பில் 28 அங்குலம் இழுத்துவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இது ஒன்றை மட்டும் நிஜமாகவே சொல்கிறேன்.

துண்டுகளை உடனே அடுப்பில் வைத்துவிடாதீர்கள். முதுகில் சாய்வாகச் சிராய் எழுந்திருந்தால் ரேகையை நீங்கள் பார்க்கவில்லை. பட்டை முழுசாக உரிந்து, இரண்டு பக்கமும் மழமழவென்று இருந்தால் பசையில் கை வைத்திருக்கிறீர்கள். வயிற்றில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் முதுகு பலத்துவிட்டது. ஒரே வில்லில் மூன்றும் இருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்கவே இல்லை.