எலிக்கு முந்திய முயல்

மிக்கி எலியை வால்ட் டிஸ்னி தம் கையாலேயே வரைந்தாரா?

எலிக்குக் குரல் கொடுத்தவர் டிஸ்னி. கை கொடுத்தவர் வாலிப காலச் சிநேகிதர் அப் ஐவர்க்ஸ். (ஒரே நாளில் 700 சித்திரங்கள் தீட்டிய மனிதர் என்று இவரைப் பற்றிச் சொல்வதுண்டு.) ஆனால் கடன் வாங்கவும், பிறரை ஓயாமல் வேலை வாங்கவும் வல்ல ஒருவர் இல்லாவிட்டால், அந்தச் சித்திரங்கள் மேஜையை விட்டு இறங்கியிருக்குமா?

எலியை நம்பித் தொழில் நடத்தியவர் உலகத்தில் அவர் ஒருவர்தானே?

முதலில் அவர் நம்பியது முயலை. ஆஸ்வால்ட் என்னும் அந்த முயல் பிரசித்தி அடைந்துவிட்ட தைரியத்தில், 1928-இல் கூடுதல் பணம் கேட்க நியூயார்க்குக்குப் போன டிஸ்னியிடம், விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ், பணத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதோடு, முயலின் உரிமை யூனிவர்சல் ஸ்தாபனத்துக்கே உரியது என்பதையும், சித்திரக்காரர்களில் பெரும்பாலோர் தம் பக்கம் வந்துவிட்டார்கள் என்பதையும் சாவதானமாகத் தெரிவித்தார். டிஸ்னி பிடித்த முயலுக்கு நான்கு கால்களும் இருந்தன, பத்திரந்தான் இல்லை. 2006-இல் முயல் வீடு திரும்பிற்று. அதற்கு ஈடாக ஆல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரை யூனிவர்சலோடு இணைந்துவிட்ட என்.பி.சி. தரப்புக்கு டிஸ்னி ஸ்தாபனத்தார் விட்டுக்கொடுத்தார்கள்!

ஏழு குள்ளர்களுக்காகச் செலவழித்த பணம் திரும்பியதா?

சுமார் 15 லட்சம் டாலரை விழுங்கி 1937-இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தை, தயாரிப்பில் இருந்தபோதே ஹாலிவுட் பைத்தியக்காரத்தனம் என்று பரிகசித்தது. பணம் பல மடங்காகத் திரும்பிற்று. ஆஸ்கார் சபையோ ஒரு பெரிய சிலையுடன் ஏழு சின்னச் சிலைகளையும் சேர்த்தே கொடுத்தது. குள்ளர்கள் நாற்பது பேர் என்று கதை இருந்திருந்தால், மனிதர் விழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.